ஏரியா சபையில் யார் குரல் எடுபடுகிறது? ஜனநாயகக் கோட்பாடுகள் பற்றி ஒரு விவாதம்

ஆலமரத்தடி (இழையைத் தொடங்கியவர்)

இந்த செமஸ்டரில் மூன்றாமாண்டு அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு நவீன ஜனநாயகக் கோட்பாடுகள் எடுக்கிறேன். பாடத்திட்டத்தில் ஷும்பீட்டர், டால், ஹேபர்மாஸ், பேட்மேன் எல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருவர் பின் ஒருவராக அமைதியாக நிற்கிறார்கள். இவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுகிறவர்கள் என்பதே பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. போன ஞாயிறு எங்கள் வார்டு ஏரியா சபையில், அதாவது பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் மாநகராட்சிக் கூட்டத்தில், போய் உட்கார்ந்தேன். அந்தச் சண்டை அங்கே நேரிலேயே நடந்தது.

காலை 11 மணி, சமுதாய நலக்கூடம். முன்வரிசை முழுக்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன் ஆட்கள். செயலாளர் கையில் கலர் பிரிண்ட் எடுத்த காகிதங்கள். மழைநீர் வடிகாலின் சாய்வு தப்பு, தெருநாய், நடைபாதைக் கடை என்று ஒவ்வொன்றாகப் படிக்க, மாநகராட்சி ஏ.இ. (உதவிப் பொறியாளர்) குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஹவுசிங் போர்டு பிளாக் பெண்கள் சிலர், வேலை வீட்டிலிருந்து நேராக வந்தவர்கள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. அதில் ஒரு அம்மா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "அடிபம்புல சாக்கடை கலந்து வருது, புடிச்சாந்திருக்கேன், மோந்து பாருங்க." மேடையிலிருந்து பதில் வந்தது: "அது இன்னைக்குப் பொருள்ல இல்லம்மா. ஆபீஸ்ல வந்து எழுதிக் குடுங்க." தீர்மானப் புத்தகத்தில் வடிகால், நாய், நடைபாதை மூன்றும் ஏறின. பாட்டில் ஏறவில்லை.

ஆனால் மறுநாள் சாயங்காலம் அந்த பிளாக் வாசலில் தண்ணீர் லாரி நின்றது. விசாரித்தால், கட்சியின் வட்டச் செயலாளர் போன் போட்டிருக்கிறார்.

பேச முடிந்தவர்களுக்குத் தீர்மானம், பேச முடியாதவர்களுக்கு லாரி. இதில் எதை ஜனநாயகம் என்பது?

ஷும்பீட்டர் 1942-ல் சொன்னது இது: மக்கள் ஆள்வதில்லை, ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர்கள் ஓட்டுக்குப் போட்டி போடும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் ஜனநாயகம். ரூசோ 1762-லேயே இந்த மாதிரிக் கணக்கைக் கிண்டல் செய்துவிட்டார். ஆங்கிலேயன் தன்னைச் சுதந்திரமானவன் என்று நினைத்துக்கொள்கிறான், ஆனால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் அந்த நேரத்தோடு அது முடிந்துபோகிறது என்றார். ஹேபர்மாஸுக்குத் தலை எண்ணுவது மட்டும் போதாது. பணத்தையோ பதவியையோ காட்டாமல், காரணம் சொல்லிப் பேசி எடுத்த முடிவுக்குத்தான் செல்லுபடி என்கிறார். கரோல் பேட்மேன் 1970-ல், பங்கெடுத்துப் பங்கெடுத்துத்தான் குடிமக்கள் அதற்குப் பழகுவார்கள் என்றார். ஏரியா சபை ஹேபர்மாஸ், பேட்மேன் கணக்கு. லாரி ஷும்பீட்டர் கணக்கு. கடைசியில் லாரிதான் ஜெயித்தது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்

கட்சிப் பெயர், கவுன்சிலர் பெயர், வார்டு எண் வேண்டாம். மற்றபடி அடித்து ஆடுங்கள்.

சூளைமேட்டுக்காரன்

இதில் யோசிக்க என்ன சார் இருக்கிறது? லாரி வந்ததே, அதுதான் ஜனநாயகம். அந்த அம்மாவிடம் ஒரு ஓட்டு இருக்கிறது, அந்த பிளாக்கில் சில நூறு ஓட்டு இருக்கிறது. அது ஏ.இ.க்குத் தெரியாமல் இருக்கலாம், வட்டச் செயலாளருக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுக்கு ஷும்பீட்டரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. 1956-ல் மதிய உணவு. 1982-ல் எம்.ஜி.ஆர். அதை சத்துணவாகப் பெரிதாக்கினார். அடுத்து வந்தவர்கள் முட்டை சேர்த்தார்கள், அதற்கடுத்து முட்டை எண்ணிக்கை கூடியது. 2022-ல் காலை உணவு வந்தது. ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவர் நிறுத்தியதில்லை, நிறுத்த முடியாது, அடுத்த தேர்தலில் தீர்த்துவிடுவார்கள். எந்த சபையில் உட்கார்ந்து காரணம் சொல்லிப் பேசி இதை வாங்கினோம்? போட்டி வாங்கிக் கொடுத்தது. தோற்றுவிடுவோம் என்ற பயம் வாங்கிக் கொடுத்தது.

பாரிமுனை வக்கீல்

சூளைமேட்டாருக்கு இரண்டு விஷயம்.

முதலாவது, சாப்பாட்டுக் கதையை 1956-ல் தொடங்கினால் உங்கள் வாதத்துக்கு வசதி. நான் 1920-ல் தொடங்குகிறேன். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க, பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கோடு. அன்றைக்குச் சொத்தும் வரியும் இருந்தவனுக்குத்தான் ஓட்டு. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா யாருக்கும் ஓட்டு இருந்திருக்காது. அப்படியிருந்தும் மன்றத்தில் வைத்துப் பேசித்தான் வந்தது. ஓட்டுப் பயம் எங்கே வந்தது இதில்?

இரண்டாவது, இந்த ஊரில் போட்டியே இல்லாமல் ஓடிய காலத்தை மறந்துவிட்டீர்கள். 1688-ல் ஆரம்பித்த மாநகராட்சி என்று பெருமை பேசுகிறோம். 1973-ல் மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996-ல். இடையில் 23 வருடம் தனி அலுவலர் ஆட்சி. அந்தக் காலத்தில் சட்டமன்றத் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல் எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தன, ஆட்சிகள் மாறின. தெருவிளக்கைக் கேட்க மட்டும் ஆள் இல்லை. சரி, 74-வது திருத்தம் வந்துவிட்டது, உள்ளாட்சிக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆயுள் கிடையாது, அதற்குள் தேர்தல் என்று அரசியலமைப்பே சொல்லிவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகச் செய்யவில்லை என்று உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு. சென்னைக்காரன் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரியில்.

போட்டிதான் ஜனநாயகம் என்றால், போட்டியையே தள்ளிவைக்கிற கையை எது தடுக்கும்? ஷும்பீட்டரிடம் இதற்குப் பதில் இல்லை. அதற்குத்தான் அரசியலமைப்பு வழி ஜனநாயகம் என்ற தனித் தரப்பு இருக்கிறது. பெரும்பான்மை என்ன நினைத்தாலும் சில விஷயத்தைத் தொடக் கூடாது என்பது அவர்கள் வாதம். 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்ன அடிப்படைக் கட்டமைப்பு, நாடாளுமன்றமே நினைத்தாலும் அரசியலமைப்பின் அடிப்படையை மாற்ற முடியாது என்பது, அந்த வகை.

சூளைமேட்டுக்காரன்

அதே கோர்ட்டுதானே வக்கீல் சார் 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில், சாதி மத வகுப்பு வாரியாக இடம் ஒதுக்கிய வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றது? 1920-களில் நீதிக்கட்சி கொண்டுவந்த ஏற்பாட்டை அடித்துப் போட்டார்கள். தெருவில் மக்கள் கொதித்து, அதே வருடம் நாடாளுமன்றம் முதல் திருத்தம் கொண்டுவந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) சேர்த்த பிறகுதானே மூச்சு விட்டோம். பெரும்பான்மையைத் தடுக்க நீதிபதி வேண்டும் என்கிறீர்கள். நீதிபதியைத் திருத்த யார் வந்தார்கள் என்று பார்த்தீர்களா?

பாரிமுனை வக்கீல்

பார்த்தேன். ஒரே வருடத்தில் இரண்டு பக்கமும் நடந்ததால்தான் அந்த வழக்கு எனக்குப் பிடிக்கும். இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

வேளச்சேரி ஐடி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சொத்து வரி கட்டுகிறவன், வடிகால் சாய்வு என்னவென்று படித்துவிட்டு வருகிறவன், இவனுக்கும் ஒரு ஓட்டு. டோக்கனுக்கும் கவருக்கும் ஓட்டுப் போடுகிறவனுக்கும் ஒரு ஓட்டு. இது எப்படி நியாயம்? நான் மட்டும் சொல்லவில்லை, ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-லேயே படித்தவனுக்குக் கூடுதல் ஓட்டு என்று எழுதியிருக்கிறார்.

பாரிமுனை வக்கீல்

மில் எழுதியது உண்மை. ஓட்டு பரவலாக வேண்டும், பெண்களுக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் படித்தவனுக்குக் கூடுதல் என்றார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இங்கிலாந்திலேயே பல்கலைக்கழகப் பட்டதாரிக்கும், வேறு தொகுதியில் வியாபாரம் வைத்திருந்தவனுக்கும் இரண்டாவது ஓட்டு இருந்தது. 1948 சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இங்கே நாம் அந்தப் பாதையே போகவில்லை. முதல் பொதுத் தேர்தலிலேயே 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு, கைநாட்டுக்கும் கலெக்டருக்கும் ஒரே எடை. சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டு கிடைத்தது 1971-ல்.

1949 நவம்பர் 25-ல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் பேசியதைத் தேடிப் படியுங்கள். ஜனவரி 26 அன்று முரண்பாடுகள் நிறைந்த ஒரு வாழ்க்கைக்குள் நுழைகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மை இருக்கும் என்றார். நீங்கள் அந்த முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லும் வழி, இருக்கிற ஒரே சமத்துவத்தையும் எடுத்துவிடுவது.

வேளச்சேரி ஐடி

உணர்ச்சிவசப்பட வேண்டாம் சார். கவர் வாங்குவது நடக்கிறதா இல்லையா, அதற்குப் பதில்?

புள்ளிக்கணக்கு

நடக்கிறது. உங்கள் ஆட்களைப் பற்றியும் ஒரு கணக்கு தருகிறேன். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலம் முழுக்கச் சுமார் 60 சதவீதம் பதிவானது. சென்னையில் 43 சொச்சம். வடிகால் சாய்வு படித்தவர்கள் அதிகம் இருக்கும் ஊர் அன்றைக்கு வீட்டில் இருந்தது. இருக்கிற ஒரு ஓட்டைப் போட்டுவிட்டு இரண்டாவதைக் கேளுங்கள்.

இன்னொன்று, எல்லோரும் ஓட்டு ஓட்டு என்கிறீர்கள், எண்ணும் முறையை யாரும் தொடவில்லை. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரு கட்சிக்குச் சுமார் 44 சதவீதம், 39-ல் 37 இடம். இன்னொரு கட்சிக்குச் சுமார் 23 சதவீதம், ஒரு இடமும் இல்லை. தேசிய அளவில் 31 சதவீதத்துக்கு 282 இடம். மக்கள் தீர்ப்பு என்று மறுநாள் தலைப்பு போடுகிறோமே, வாங்கிய ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறையில் எண்ணியிருந்தால் அதே மக்கள் வேறு தீர்ப்பு சொல்லியிருப்பார்கள். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1951-ல் கணக்காகவே நிரூபித்துவிட்டார்: மூன்று அல்லது அதற்கு மேல் தேர்வு இருந்தால், நாம் நியாயம் என்று நினைக்கிற எல்லா நிபந்தனையையும் ஒருசேர நிறைவேற்றுகிற வரிசைப்படுத்தும் முறை கிடையாது. மக்களின் விருப்பம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, தேர்தல் அதைக் கண்டுபிடிக்கிறது என்ற நம்பிக்கையை அங்கேயே விட்டுவிடலாம்.

ஓ.எம்.ஆர். ஓரம்

ஆலமரத்தடி சார், நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி) ரெண்டாம் வருஷம். எங்கம்மாவும் கூட்டத்துல பின்னாடி நிக்கிற ஆளுதான், அதனால எழுதுறேன்.

நாங்க முதல்ல சிட்டிக்குள்ள ஆத்தோரம் இருந்தோம். 2000-க்கு அப்புறம் கண்ணகி நகருக்கு மாத்துனாங்க. ஆத்தோரம் இருந்தப்ப நாங்க மாநகராட்சி. இங்க வந்ததும் ஒக்கியம் துரைப்பாக்கம் ஊராட்சி. 2011-ல இந்த ஏரியாவை மாநகராட்சியோட சேர்த்தாங்க, மறுபடி மாநகராட்சி. இந்தக் கடைசி மாத்தம் நடந்தப்ப நாங்க வீட்டை விட்டு ஒரு அடி நகரல. ஒவ்வொரு தடவையும் ஓட்டர் லிஸ்ட்ல பேர் மாத்தணும், ரேஷன் கார்டு மாத்தணும், யார்கிட்ட போய் நிக்கணும்னு புதுசா கத்துக்கணும். மாத்தி விட்டப்ப அம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு: "பழைய கவுன்சிலருக்கு நாம இனி வேணாம், புதுசா வர்றவருக்கு நம்மளத் தெரியாது."

எல்லாருக்கும் ஒரே எடை ஓட்டுன்னு வக்கீல் சார் சொல்றது சரி. ஆனா ஓட்டு எந்த இடத்துல இருக்கோ அதை வெச்சுத்தான் எடை. ஒரு இடத்துல கூட்டமா இருந்த ஓட்டைப் பிரிச்சு வேற வேற தொகுதியில போட்டா, அந்த எடை காணாமப் போயிடுது. யாரும் உங்க ஓட்டுரிமையைப் பறிக்கல, வீட்டைத்தான் மாத்துனாங்க.

பார்த்தா சாட்டர்ஜிங்கிற அரசியல் சிந்தனையாளரைப் படிச்சப்ப எனக்கு இதுதான் தோணுச்சு. உரிமை, சட்டம், வழக்குன்னு பேசுற குடிமைச் சமூகம் ஒண்ணு. அரசாங்கத்தோட பேரம் பேசி, கெஞ்சி, ஓட்டைக் காட்டி வாழுற அரசியல் சமூகம் இன்னொண்ணு. ஆத்தோரம் இருக்கிறதே சட்டப்படி தப்பு, அதனால அவங்க சட்டம் பேச முடியாது, ஆள் பிடிச்சுத்தான் பேசணும். அசோசியேஷன்காரங்க பொதுநல வழக்கு போடுவாங்க, "ஆக்கிரமிப்பை அகற்றுங்க"ன்னு ஆர்டர் வாங்குவாங்க. ஆக்கிரமிப்புன்னு அந்த ஆர்டர்ல இருக்கிறது எங்க வீடு.

பேச விடலைங்கிறது பாதிதான் சார். கூட்டம் வெச்ச நேரத்தைப் பாருங்க. ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணிக்கு எங்கம்மா இன்னொருத்தர் வீட்டுல ஞாயித்துக்கிழமை சமையலுக்கு வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருப்பாங்க.

உத்திரமேரூர் பக்கம்

இதற்கெல்லாம் நம் ஊரிலேயே ஆயிரம் வருடத்துக்கு முன் வழி இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 919, 921. ஊர் முப்பது குடும்பு, அதாவது இன்றைய வார்டு மாதிரி. தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கவர் கொடுக்க முடியாது, பேச்சுத் திறமை வேண்டாம், கட்சி வேண்டாம். கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் (ஊர் நிர்வாகக் குழுவில்) இருந்தவன் மறுபடி வரக் கூடாது. கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது, அவன் உறவுக்காரனும் வரக் கூடாது. இன்றைக்கு இதை அமல்படுத்தினால் எத்தனை பேர் தேறுவார்கள்?

சூளைமேட்டுக்காரன்

குடத்துக்குள் ஓலை போவதற்கு முன் நடந்ததையும் சொல்லுங்கள் ஐயா. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதக் கல்வி. அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அந்த ஊரில் உழுதவன் பெயர் எந்த ஓலையில் இருந்தது? வேளச்சேரி ஐடி கேட்டது அங்கே ஏற்கெனவே அமலில் இருந்திருக்கிறது.

உத்திரமேரூர் பக்கம்

மறுக்கவில்லை. ஆனால் யார் பெயரைக் குடத்தில் போடுவது என்பது ஒரு கேள்வி, குடத்திலிருந்து எப்படி எடுப்பது என்பது வேறு கேள்வி. முதலாவதில் அவர்கள் செய்தது அநியாயம். இரண்டாவது முறை இன்றைக்கும் உதவும். ஏதென்ஸிலும் பெண்களும் அடிமைகளும் வெளியேதான். ஆனாலும் அரிஸ்டாட்டில் சொன்ன ஒரு விஷயம் யோசிக்க வைக்கிறது: பதவியைக் குலுக்கலில் கொடுப்பது மக்களாட்சி முறை, தேர்தலில் கொடுப்பது சிலராட்சி முறை. நாம் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அயர்லாந்தில் 2016-ல் வாக்காளர்களிலிருந்து குலுக்கல் மாதிரி 99 பேரை எடுத்துக் குடிமக்கள் பேரவை அமைத்தார்கள். கட்சிகள் தொடப் பயந்த கருக்கலைப்பு விஷயத்தை அவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், 2018-ல் பொதுவாக்கெடுப்புக்கே போனது. நம் வார்டு குழுவில் கவுன்சிலர் தலைவர், மற்ற உறுப்பினர்கள் நியமனம். அந்த நியமனத்தைக் குலுக்கலாக்கினால் என்ன கெட்டுப்போகும்? வாக்காளர் பட்டியல் முழுவதையும் குடத்தில் போடுங்கள்.

ஓ.எம்.ஆர். ஓரம்

போடலாம் ஐயா. எங்கம்மா பேர் வந்தா அன்னைக்குச் சம்பளம் யார் குடுப்பாங்கன்னும் சேர்த்து எழுதிடுங்க.

ஆலமரத்தடி

நல்ல இடத்துக்கு வந்திருக்கிறோம். "அது இன்னைக்குப் பொருள்ல இல்லம்மா" என்ற அந்த ஒரு வரியைக் கொஞ்சம் பிரிக்க ஆசை.

ராபர்ட் டால் 1961-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தை எடுத்துக்கொண்டு, முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்று விஷயம் விஷயமாகப் பார்த்தார். பள்ளிக்கூட விஷயத்தில் ஒரு கூட்டம் ஜெயிக்கிறது, நகர மறுசீரமைப்பில் வேறு கூட்டம். எல்லாவற்றிலும் ஜெயிக்கும் ஒரே கும்பல் இல்லை, ஆகவே அதிகாரம் பரவிக் கிடக்கிறது என்றார். பன்மைத்துவம் என்று நாம் நடத்துகிற பாடம் இதுதான். அதற்கு ஐந்து வருடம் முன்பே சி. ரைட் மில்ஸ், ராணுவம், பெருநிறுவனம், அரசு மூன்றின் உச்சியில் இருப்பவர்கள் ஒரே வட்டம் என்று எழுதியிருந்தார். டாலின் ஆய்வு அந்த வாதத்துக்கு எதிர்வாதம் மாதிரி.

1962-ல் பாக்ரக், பாரட்ஸ் என்ற இருவர் டாலை ஒரு கேள்வியில் மடக்கினார்கள். மன்றத்துக்கு வந்த விஷயத்தில் யார் ஜெயித்தார் என்று எண்ணுகிறீர்கள், மன்றத்துக்கே வராமல் போன விஷயத்தை எப்படி எண்ணுவீர்கள்? அதிகாரத்துக்கு இன்னொரு முகம் உண்டு. எதைப் பேசக் கூடாது என்று முடிவு செய்யும் முகம் அது. எங்கள் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தை மட்டும் வைத்து ஆய்வு செய்தால், வடிகாலும் நாயும் நடைபாதையும்தான் வார்டின் பிரச்சினை என்று எழுத வேண்டிவரும். பாட்டில் இருந்ததற்குச் சான்றே கிடைக்காது.

ஆக, ஹேபர்மாஸ் வழியில் நல்ல பேச்சு நடக்க வேண்டுமானால் முதலில் பொருள் பட்டியலை யார் எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும். அதை அவர் வழியில் வருகிறவர்கள் போதிய அளவு பார்க்கிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஷந்தால் மூஃப் இவர்களை வேறு பக்கத்திலிருந்து பிடிக்கிறார். அரசியல் என்றாலே மோதல்தான், பேசிப் பேசி அதை இல்லாமல் செய்ய முடியாது, எதிரியை அழிக்க நினைக்காமல் எதிராளியாக மதித்துச் சண்டை போடும் இடத்தைக் கட்டுங்கள் என்கிறார்.

வட்டத்துத் தம்பி

அண்ணே, ஐயா, எல்லாருக்கும் வணக்கம். நான் வேற வட்டம், கட்சியோட பாக முகவர், பூத் ஏஜெண்ட். நீங்க எழுதுற பேரெல்லாம் தெரியாது, ஒரு அண்ணன் லிங்க் அனுப்பினாரு, முழுசாப் படிச்சேன்.

லாரி விட்டவரை ஏதோ தப்புப் பண்ணின மாதிரியே எல்லாரும் பேசுறீங்க. அந்தம்மா ஆபீஸுக்குப் போய் எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இறப்புச் சான்றிதழ், முதியோர் பென்ஷன், ஓட்டர் லிஸ்ட்டுக்கு ஃபார்ம் 6, ஃபார்ம் 8, ராத்திரி ரெண்டு மணிக்கு ஜி.எச்.ல பெட்டு, ஸ்கூல் சீட்டு, எல்லாத்துக்கும் எனக்குத்தான் போன் வருது. என் பாகத்துல இருக்கிற அத்தனை பேரும் எந்த வீடு, யார் ஊருக்குப் போயிருக்காங்க, யாருக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுவேன். உங்க சபையில ஒருத்தர் ஒரு மணி நேரம் பேசுனாலும் அவருக்கு ஒரு ஓட்டுதான். வாயே திறக்காத அக்காவுக்கும் ஒரு ஓட்டுதான். இந்தக் கணக்கு எங்களை விட்டா வேற யார்கிட்ட இருக்கு?

பாரிமுனை வக்கீல்

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ராபர்ட் மிஷெல்ஸ் என்பவர் 1911-ல் ஜெர்மனியின் சோஷலிஸ்ட் கட்சியைப் பார்த்து எழுதியது உங்களுக்குத்தான். எல்லோரும் சமம் என்று ஆரம்பித்த கட்சியிலேயே கடைசியில் சிலர் கையில்தான் அதிகாரம் சேர்கிறது, அமைப்பு என்று வந்தாலே அதுதான் விதி என்றார். வட்டத்தில் உங்களுக்குத் தெரிந்தது மேலே போகிறதா? 1774-ல் பிரிட்டிஷ் எம்.பி. எட்மண்ட் பர்க், உறுப்பினர் தன் சொந்த அறிவைப் பயன்படுத்த வேண்டும், தொகுதிக்காரனின் தூதுவனாக மட்டும் இருக்கக் கூடாது என்று பிரிஸ்டலில் பேசினார். இங்கே 1985 கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு எம்.எல்.ஏ. தொகுதிக்கும் தூதுவர் இல்லை, சொந்த அறிவுக்கும் வழியில்லை. கொறடா சொன்ன பக்கம் கை தூக்க வேண்டும்.

வட்டத்துத் தம்பி

மேல போகுதான்னு கேக்குறீங்களே, போகும். சீட்டு குடுக்குறப்ப மட்டும் போகாது. அதை விடுங்க.

ஒரு விஷயம் யாரும் கேக்கல. அடிபம்புல சாக்கடை எதுக்குக் கலக்குது? எங்க வட்டத்துல பார்த்த வரைக்கும் சொல்றேன். மழைநீர் வடிகால்ல பக்கத்து பிளாட்டுங்க கழிவுநீர் பைப்பைத் திருட்டுத்தனமா விட்டிருப்பாங்க. வடிகால் அடைச்சுக்கும், தேங்கும், மண்ணுல இறங்கும், பம்புல வரும். உங்க செயலாளர் சார் வடிகால் சாய்வு தப்புன்னு பேசினாரே, அந்தம்மா பாட்டில் காட்டுனாங்களே, ரெண்டும் ஒரே விஷயமா இருந்தாலும் இருக்கும். ஏ.இ.யைத் தனியாக் கேட்டுப் பாருங்க.

ஆலமரத்தடி

நேற்று போய்க் கேட்டேன். சிரித்தார். "தெரியும் சார். ரெண்டு மூணு பில்டிங் கனெக்‌ஷன் விட்டிருக்கு. கூட்டத்துல நானா சொன்னா அசோசியேஷன் என் மேலயே கம்ப்ளைன்ட் எழுதும். எழுத்துல கேளுங்க, எழுத்துல பதில் தர்றேன்."

இப்போது என் முதல் கேள்வியே மாறிவிடுகிறது. லாரி தண்ணீர் கொடுத்தது, மறுக்கவில்லை. கூடவே, பிளாட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வெளிப்படையாக வந்திருக்க வேண்டிய சண்டையை வராமலும் பார்த்துக்கொண்டது. லாரி வந்தால் அந்த அம்மா அமைதி, தீர்மானம் ஏறினால் செயலாளர் அமைதி, பைப் அப்படியே இருக்கும். போட்டி ஜனநாயகம் ஆளுக்கு ஒன்று கொடுத்து அனுப்பத் தெரிந்தது. உன் வீட்டுச் சாக்கடை என் வீட்டுத் தண்ணீரில் வருகிறது என்று ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் இடம் அதில் இல்லை. அந்த இடமாக இருந்திருக்க வேண்டியது ஏரியா சபை.

சூளைமேட்டுக்காரன்

சொல்லி என்ன ஆகும்? பிளாட்காரர்கள் தடை ஆணை வாங்குவார்கள்.

பாரிமுனை வக்கீல்

வாங்க முடியாது. கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விட யாருக்கும் உரிமை கிடையாது. மனுவை நானே எழுதித் தருகிறேன். கூட்டத்துக்கு முன்னாலேயே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், அப்போது பொருளில் இல்லை என்று தள்ள முடியாது.

ஓ.எம்.ஆர். ஓரம்

கூட்டத்தை ராத்திரி ஏழரைக்கு வைக்கச் சொல்லுங்க சார், பிளாக் நடுவுல. அந்த அம்மாவும் கையெழுத்துப் போடணும், நீங்க மட்டும் போட்டா அது உங்க மனு ஆயிடும்.

வேளச்சேரி ஐடி

ராத்திரி ஏழரைக்கு ஹவுசிங் போர்டுக்குள் வைத்தால் எங்கள் அசோசியேஷன் ஆட்கள் வருவார்கள் என்று நினைக்கிறீர்களா?

புள்ளிக்கணக்கு

அவங்க உங்க நேரத்துக்கு வந்து நின்னாங்கல்ல.

வேளச்சேரி ஐடி

சரி, நான் வருகிறேன். மற்றவர்களுக்கு நான் பொறுப்பில்லை. எங்கள் பில்டிங் பைப் எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வட்டத்துத் தம்பி

எழுதிக் குடுங்க ஆலமரத்தடி அண்ணே. உங்க வட்டச் செயலாளருக்கு நான் ஒரு வார்த்தை சொல்றேன், முன்னாடியே தெரியலைன்னா அவரு கோவிச்சுக்குவாரு. அன்னைக்கு நானும் வரேன். சண்டை வந்தா விலக்கி விடவும் ஆள் வேணும்ல.